சேலத்துப் பள்ளிக்குப் புதிதா? வேடம், விளையாட்டு, மன்றம்: நுழைவது எப்படி

ஜூன் மாதம் சேலத்துப் பள்ளிகளில் புது முகங்கள் நிறைய வரும். அப்பாவுக்கு ரயில்வேயிலோ உருக்காலையிலோ மாற்றல் ஆகியிருக்கும். ஊரில் எட்டாவதோடு பள்ளி முடிந்திருக்கும். கேட்ட பிளஸ் ஒன் குரூப் இங்கேதான் கிடைத்திருக்கும். சீருடை எங்கே தைப்பது, நோட்டு எங்கே வாங்குவது என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். மன்றம், விளையாட்டு, விழா விஷயங்களை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. பழைய மாணவர்களுக்குத் தெரியும், அதனால் எல்லோருக்கும் தெரியும் என்று பள்ளியே நினைத்துக்கொள்கிறது.

நான் தமிழாசிரியர். இலக்கிய மன்றமும் ஆண்டு விழா மேடையும் பல வருடங்களாக என் தலையில்தான். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வகுப்பறையில் பெஞ்ச் எல்லாம் ஏற்கெனவே ஜோடி சேர்ந்திருக்கும். மைதானத்திலும் மேடைக்குப் பின்னாலும்தான் எப்போதும் ஆள் பற்றாக்குறை. ஆள் தேவைப்படுகிற இடத்துக்குப் போங்கள், பழக்கம் தானாக வரும். அந்த இடங்கள் எவை, எப்போது போவது, எதைக் கையில் எடுத்துப் போவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஜூன், ஜூலையிலேயே கேட்டுவிடுங்கள்

முதல் இரண்டு வாரத்துக்குள் மூன்று பேரைப் பார்க்க வேண்டும்: வகுப்பாசிரியர், பி.டி. சார் அல்லது மிஸ், உங்களுக்குப் பிடித்த மன்றத்தின் பொறுப்பாசிரியர். "சார், நான் புதுசா சேர்ந்திருக்கேன். எதுல ஆள் குறையுது?" என்று கேளுங்கள். "எதுல சேரலாம்?" என்று கேட்டால் "பார்க்கலாம்ப்பா" என்றுதான் பதில் வரும். ஆள் குறைகிற இடத்தைக் கேட்டால் உடனே பெயர் எழுதிக்கொள்வோம். எங்களுக்கும் அதுதான் தலைவலி.

தாமதிக்கக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் நாள்காட்டி. ஜூலை 15, காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. பேச்சு, கட்டுரை, ஓவியம் என்று ஆண்டின் முதல் போட்டிகள் அன்றைக்கே வந்துவிடும். அடுத்து சுதந்திர தினம். ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு நாள், செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், நவம்பர் 14 குழந்தைகள் தினம், டிசம்பர் 11 பாரதியார் பிறந்தநாள், ஜனவரியில் சமத்துவப் பொங்கலும் குடியரசு தினமும், பிப்ரவரி வாக்கில் ஆண்டு விழா. இடையில் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகள். சேலத்தில் இருப்பதால் இன்னொன்றும் உண்டு. ஆடிப்பெருக்குக்கும் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கும் உள்ளூர் விடுமுறை விடுவது இங்கே வழக்கம். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒத்திகை நாள் எண்ணும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாக வரும். அன்று வருகை குறைவாக இருக்கும் என்பதால் ஒத்திகைக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

அரசுப் பள்ளியில் சேர்ந்திருந்தால் 'மகிழ் முற்றம்' என்ற பெயர் காதில் விழும். மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிரிக்கும் ஏற்பாடு. 2024 நவம்பரில் வந்தது. எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பல போட்டிகளில் மதிப்பெண் குழுவின் கணக்கில்தான் சேரும். ஏற்காட்டில் படிக்கிற பிள்ளை நெய்தலில் இருப்பதும், கடலையே பார்க்காதவர்கள் நெய்தலுக்காகத் தொண்டை கிழியக் கத்துவதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. தனியார் பள்ளி என்றால் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று 'ஹவுஸ்' பிரிப்பார்கள். விளையாட்டு விழாவுக்கு அந்த நிறத்தில் டி-சர்ட் கேட்பார்கள். உங்கள் நிறம் உறுதியாகத் தெரிந்த பிறகு வாங்கினால் போதும்.

எந்த மன்றம்?

பெரும்பாலான பள்ளிகளில் இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், சுற்றுச்சூழல் மன்றம் இருக்கும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை படிப்பவர்களுக்கு வானவில் மன்றம் உண்டு. அறிவியலையும் கணக்கையும் கையால் செய்து பார்க்கும் இடம். சில பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் திரைப்படம் போட்டு, பார்த்ததைப் பற்றிப் பேசவும் எழுதவும் வைப்பார்கள். இவை தவிர ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர் இயக்கம், என்.சி.சி., மேல்நிலை வகுப்புகளில் என்.எஸ்.எஸ். எல்லாப் பள்ளியிலும் எல்லாமும் இருக்காது.

இரண்டுக்கு மேல் சேராதீர்கள். ஜூலையில் ஐந்து மன்றத்தில் பெயர் கொடுத்துவிட்டு அக்டோபரில் ஒன்றிலும் தென்படாத பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். ஒன்று வாராவாரம் நடப்பதாக இருக்கட்டும், இன்னொன்று எப்போதாவது நடப்பதாக இருக்கட்டும்.

என்.சி.சி.யைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் சேரும் காலம் தவறினால் திரும்ப வராது. பள்ளி அளவிலான ஜூனியர் பிரிவு இரண்டு ஆண்டுப் பயிற்சி. வழக்கமாக எட்டாவதில் சேர்ந்து ஒன்பதாவதில் முடிப்பார்கள், கடைசியில் 'ஏ' சான்றிதழ்த் தேர்வு. இடங்கள் குறைவு, ஆட்சேர்ப்பு ஒரே நாளில் முடிந்துவிடும். உயரம், ஓட்டம் எல்லாம் பார்ப்பார்கள். பெற்றோர் கையெழுத்து கட்டாயம். பரேடு நாளில் ஷூ பாலிஷ், முடிவெட்டு இரண்டையும் விடாமல் பார்ப்பார்கள். பாலிஷை முந்தின இரவே போட்டுக் காயவைத்து, காலையில் பழைய பனியன் துணியால் தேய்த்தால்தான் பளபளக்கும். பரேடு முடிந்ததும் கொடுக்கிற பூரிக்காகவே சேர்ந்தவர்கள் உண்டு. அதில் தவறில்லை, எப்படியோ இரண்டு வருடம் விடியற்காலையில் எழுந்துவிடுகிறார்கள்.

கூட்டத்தைக் கண்டால் கூசுகிற பிள்ளைக்கு ஜூனியர் ரெட் கிராஸோ சுற்றுச்சூழல் மன்றமோ நல்ல தொடக்கம். முதலுதவிப் பெட்டி, மரக்கன்றுக்குத் தண்ணீர், விழா நாளில் குடிநீர் என்று கைக்கு வேலை இருக்கும். பேசியாக வேண்டிய கட்டாயம் இல்லை. சுற்றுச்சூழல் மன்றத்தார் வருடத்துக்கு ஒரு முறையாவது ஏற்காடு மலையடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போக நினைப்பார்கள். பேருந்தில் இடம் முதலில் போவது மன்ற உறுப்பினர்களுக்குத்தான்.

நன்றியுரையைக் கேட்டு வாங்குங்கள்

இலக்கிய மன்றத்தில் சேர்ந்தால் முதல் கூட்டத்திலேயே பேச்சுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். வரவேற்புரை, தொகுப்புரை எல்லாம் பழைய ஆட்கள் வைத்திருப்பார்கள். யாரும் போட்டி போடாமல் கிடப்பது நன்றியுரை. "சார், நன்றியுரை நான் சொல்றேன்" என்று கேளுங்கள். மேடை பழக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இரண்டே நிமிடம், சொல்ல வேண்டியது என்ன என்பதும் முன்பே தீர்மானமானது. சீக்கிரம் முடித்தால் சபையே கைதட்டும்.

செய்யும் முறை இது. நான்காக மடித்த ஒரு தாளோடு முதல் வரிசை ஓரத்தில் உட்காருங்கள். சிறப்பு விருந்தினர், தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பேசியவர்கள், உதவியவர்கள் என்ற வரிசையில் பெயர்களை எழுதிவையுங்கள். விருந்தினர் பெயரையும் பட்டத்தையும் அவரோடு வந்தவரிடம் கேட்டுச் சரிபாருங்கள். முன்னெழுத்து மாறினால் அவர் முகம் மாறும். விருந்தினர் பேசியதில் ஒரே ஒரு வரியைக் குறித்துக்கொண்டு, "ஐயா சொன்ன அந்தக் கிணற்றுக் கதையை நாங்கள் மறக்கமாட்டோம்" என்கிற மாதிரி சேருங்கள். அதற்குப் பிறகு உங்கள் பெயரை அவரே கேட்பார். மைக் செட் போட்டவரையும் நாற்காலி தூக்கிய எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். கடைசி வரியை மனப்பாடமாக வைத்திருந்தால் போதும், மற்றதைத் தாளைப் பார்த்தே படிக்கலாம்.

இப்படி மேடை பழகிய பிறகு வெளிப்போட்டிகளுக்குப் போகலாம். காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர் பிறந்தநாள்களையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் பேச்சுப் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்து 3,000, 2,000. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிச் சிறப்புப் பரிசும் உண்டு. தலைமையாசிரியர் கையெழுத்திட்ட விண்ணப்பம் வேண்டும். சுற்றறிக்கை வந்து அறிவிப்புப் பலகையில் ஏறுவதற்குள் பாதி நாள் போய்விடும் என்பதால் பொறுப்பாசிரியரிடம் அவ்வப்போது விசாரித்துக்கொண்டே இருங்கள்.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குக் கலைத் திருவிழா இருக்கிறது. 2022–23 கல்வியாண்டில் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிப்போகும். பாட்டு, நடனம், ஓவியத்தோடு களிமண் சிற்பம், பலகுரல், வில்லுப்பாட்டு, பறை, பொம்மலாட்டம் எல்லாம் இதில் வரும். ஒருவர் இத்தனை போட்டியில்தான் சேரலாம் என்று வரம்பு உண்டு. திரைப்படப் பாட்டுக்கு ஆட நாற்பது பேர் நிற்பார்கள், வில்லுப்பாட்டுக்குக் குடம் தட்ட ஆள் இருக்காது. சொன்னேனே, ஆள் குறைகிற இடம்.

மைதானத்தில்

கிரிக்கெட் அணி ஆறாம் வகுப்பிலிருந்தே சேர்ந்து ஆடுகிற கூட்டம். புதிதாக வந்தவருக்கு ஃபீல்டிங்தான் கிடைக்கும், அதுவும் வெயிலில் எல்லைக்கோட்டில். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 டிசம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கியதிலிருந்து இந்த மாவட்டத்தில் இடக்கைப் பையன்கள் எல்லோரும் யார்க்கர்தான் போடுகிறார்கள். ஆசை இருந்தால் ஆடுங்கள். பள்ளி அணியில் இடம் வேண்டும் என்றால் வேறு பக்கமும் பாருங்கள்.

கோ-கோ, எறிபந்து, பூப்பந்து, வளையப்பந்து, தடகளத்தில் மும்முறைத் தாண்டுதல், வட்டு எறிதல். இவற்றுக்கு எங்கள் பி.டி. சார் ஆள் தேடிக்கொண்டே இருப்பார். ஓட்டத்தில் நூறு மீட்டருக்கு வரிசை நிற்கும், 1,500 மீட்டருக்கு நான்கு பேர் தேறினால் அதிகம். பூப்பந்துக்கு ஓர் அணியில் ஐந்து பேர்தான், வேகமாகக் கைப்பழக்கம் வரும். சிலம்பம், கேரம், குத்துச்சண்டை, ஜூடோ போன்றவை பள்ளிப் போட்டிகளில் 'புதிய விளையாட்டுகள்' என்ற பிரிவில் வரும். வெளியில் எங்காவது கற்றுக்கொண்டிருந்தால் பி.டி. சாரிடம் சொல்லுங்கள், நீங்களாகச் சொல்லாமல் அவருக்குத் தெரியாது.

ஓமலூர் பக்கம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு பள்ளியில் முதலில் ஆடியது கைப்பந்து. உயரம் தாண்டச் சொல்லித் திருப்பிவிட்டவர் அவருடைய உடற்கல்வி ஆசிரியர். ஐந்து வயதில் பேருந்து ஏறிச் சிதைந்த காலோடு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம். "நீ இதை விட்டுட்டு அதைப் பண்ணிப் பார்" என்று பி.டி. சார் சொன்னால் முகம் சுளிக்காமல் ஒரு மாதம் செய்து பாருங்கள். உங்கள் உடம்பை உங்களைவிட அவர் அதிகம் கவனித்திருப்பார்.

போட்டிகளின் படிக்கட்டு இப்படி: குறுவட்டம் (அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த வட்டம்), வருவாய் மாவட்டம், மாநிலம், அப்புறம் தேசியம். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள். குடியரசு தினப் போட்டிகள், பாரதியார் தினப் போட்டிகள் என்ற பெயரைப் பார்த்து அவை ஜனவரியிலும் டிசம்பரிலும் நடக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அவற்றின் குறுவட்டப் போட்டிகள் ஜூலை, ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். செப்டம்பரில் வந்து "சார், நான் கபடி நல்லா ஆடுவேன்" என்றால் அடுத்த வருடம்தான். முதலமைச்சர் கோப்பை தனி. அதற்கு இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், பெற்றோரின் கைப்பேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வரும், அதனால் பதிவு செய்யும் நேரத்தில் அந்தக் கைப்பேசி பக்கத்தில் இருக்கட்டும். மாவட்டப் போட்டிகள் பெரும்பாலும் சேலம் மகாத்மா காந்தி மைதானத்தில் நடக்கும்.

போட்டிக்குப் போகும் நாளில் பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படங்கள் நான்கைந்து, தலைமையாசிரியர் கையெழுத்திட்ட அடையாளப் படிவம் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். புது மாணவர்களுக்குச் சிக்கல் வருவது எமிஸ் எண்ணில், அதாவது பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்ணில். பழைய பள்ளியிலிருந்து பெயர் இங்கே மாற்றப்படாமல் இருந்தால் படிவமே ஏறாது. சேர்ந்த மாதமே அலுவலகத்தில் கேட்டு முடித்துவிடுங்கள்.

சேலத்து வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை பத்தரைக்கு மேல் தரை கொதிக்கும். வெறும் வயிற்றில் ஓடாதீர்கள், இட்லி தின்ற கையோடும் ஓடாதீர்கள். வாழைப்பழம், உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு போதும். தட்டுவடை செட் மாதிரி சேலத்துத் தின்பண்டம் எல்லாம் பரிசு வாங்கிய பிறகு.

வேடம் கட்டுவது

இதில்தான் பணமும் பதற்றமும் அதிகம் வீணாகிறது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

உயர்நிலைப் பள்ளியில் மாறுவேடம் என்றால் குட்டிப் பிள்ளைகளைப் போலக் காய்கறி வேடம் போட்டு நிற்பது இல்லை. தலைவர் பிறந்தநாளில் அவராக வந்து இரண்டு நிமிடம் பேசுவது, ஆண்டு விழா நாடகத்தில் பாத்திரம், குடியரசு தின ஊர்வலத்தில் விடுதலை வீரர், பொங்கல் சமயத்தில் வேட்டி சேலை நாள் என்று பல வகை. வேட்டி சேலை நாளுக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அப்பா வேட்டி, அம்மா சேலை, இடுப்பில் ஒரு பெல்ட், உள்ளே கட்டாயம் அரைக்கால் சட்டை. உறியடியும் கயிறு இழுக்கும் போட்டியும் அன்றைக்குத்தான் வைப்பார்கள், வேட்டி அவிழாமல் திரும்பி வந்தவர்கள் சிலரே.

வேடம் போடுகிறவர்கள் வழக்கமாக முதலில் உடையை வாடகைக்குப் பிடிப்பார்கள், அப்புறம் யார் என்று முடிவு செய்வார்கள், முந்தின இரவு பேச்சை எழுதுவார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் ஆள். அவரைப் பற்றிப் பத்து வரி. அந்தப் பத்து வரியைக் கண்ணாடி முன் சொல்ல வந்த பிறகு உடை. நடுவர்கள் கீழே இறங்கி வந்து "நீங்க எந்த வருஷம் பிறந்தீங்க ஐயா?" என்று கேட்பார்கள். பட்டு அங்கவஸ்திரம் அதற்குப் பதில் சொல்லாது.

யாராக வருவது? டிசம்பர் 11 அன்று எங்கள் மேடையில் பாரதியார் எப்போதும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், நவம்பர் 14 அன்று ரோஜா குத்திய நேருக்கள் அதைவிட அதிகம். விடுதலை வீரர் என்றால் கட்டபொம்மனும் ஜான்சி ராணியும். இந்த மண்ணிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். தீரன் சின்னமலையை வெள்ளையர் 1805இல் தூக்கிலிட்டது நம் சங்ககிரிக் கோட்டையில். சேலம் விஜயராகவாச்சாரியார் 1920இல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரலான ராஜாஜி வக்கீல் தொழில் செய்ததும் நகராட்சித் தலைவராக இருந்ததும் சேலத்தில்தான். ராஜாஜி வேடத்துக்குக் கறுப்புக் கண்ணாடி, வெள்ளைத் துண்டு, கைத்தடி போதும், வாடகையே இல்லை. தலைவர்கள் வேண்டாம் என்றால் அம்மாபேட்டை நெசவாளி, கொலுசுப் பட்டறையில் பொடி வைத்து ஊதுகிறவர், ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிற அம்மா. இவர்களைப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்து மேடையேறிய பிள்ளை தோற்று நான் பார்த்ததில்லை.

வேடத்துக்கு இந்த ஊரில் ஆசான்களுக்குப் பஞ்சமில்லை. ஆடி மாதத்தில் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கையைப் போய்ப் பாருங்கள். அலங்கரித்த வண்டிகளில் சாமி வேடம் போட்டவர்கள் அசையாமல் உட்கார்ந்து வருவார்கள். கிரீடம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, முகத்தில் சாயம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எவ்வளவு நேரம் சிமிட்டாமல் இருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்தது. ஆனால் ஒன்று: அதே சமயத்தில்தான் சுதந்திர தினமும் வருகிறது. வாடகை உடை வேண்டும் என்றால் ஜூலைக் கடைசியிலேயே சொல்லிவையுங்கள். முன்பணம் எவ்வளவு, திருப்பித் தரும் நாள் எது, கறை பட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். வாங்கும்போதே கிழிசல் இருக்கிறதா என்று கடைக்காரர் முன்னாலேயே படம் எடுத்துவிடுங்கள்.

பாரதியாராகத்தான் வருவேன் என்கிறவர்களுக்குத் தலைப்பாகை. அன்று காலை தலைக்கு எண்ணெய் வேண்டாம், வழுக்கும். ஒரு பருத்திக் கைக்குட்டையை நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள், அதுதான் பிடிப்பு. மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி மூன்று மீட்டர் எடுத்து, லேசாக ஈரம் தெளித்து, நீளவாக்கில் கொசுவிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் ஒரு முழத்தைத் தோளில் தொங்கவிட்டு, அதை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றதைக் காதின் மேல்விளிம்பு தொட்டுச் சுற்றுங்கள். காதை மூடினால் மேடையில் யார் என்ன கேட்டாலும் காதில் விழாது. கடைசி முனையைப் பின்பக்கம் செருகி இரண்டு ஊக்கு. ஊக்கு கைக்குட்டையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் "அச்சமில்லை" என்று தலையை நிமிர்த்தும்போது மொத்தமும் கழன்று கையில் வரும். பாலியஸ்டர் துணி எடுக்காதீர்கள், அது எந்த மடிப்பிலும் நிற்காது.

மீசையைப் புருவப் பென்சிலால் வரைவதே நல்லது. ஒட்டு மீசை என்றால் ஒப்பனைக்காரர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிட் கம் மட்டும். ஃபெவிக்விக் போட்டு ஒட்டி, தோல் உரிந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சாயத்தை முந்தின நாள் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அரித்தால் வேண்டாம். காந்தி சிலை வேடத்துக்கு உடம்பு முழுக்க வெள்ளி பெயின்ட் அடிப்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அது கதவுக்கும் கம்பிக்கும் அடிக்கிற பெயின்ட், தயவுசெய்து வேண்டாம். சாயத்தை எடுக்கத் தேங்காய் எண்ணெயும் பழைய துணியும் போதும், சோப்பு அதற்குப் பிறகு. வாள், வேல் எல்லாம் அட்டையிலும் தெர்மாக்கோலிலும் செய்து வெள்ளித் தாள் ஒட்டுங்கள். உண்மையான இரும்பு எதையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவோம்.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. முகத்தில் கரி பூசி, இலை கட்டி 'ஆதிவாசி' என்று குதிக்கிற வேடம் என் மேடையில் ஏறாது. சேர்வராயன் மலையிலிருந்து மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் நம் வகுப்புகளில்தான் படிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாரும் இலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. உடல் குறையைக் கேலி செய்வது, பையன்கள் பெண் வேடம் போட்டு இடுப்பை ஆட்டிச் சிரிப்பு வாங்குவது, தலைவர்களைச் சாதி அடையாளத்தோடு காட்டுவது, இவையும் அப்படித்தான். கையில் சாதியைக் காட்டுகிற வண்ணக் கயிறு இருந்தால் மேடைக்கு முன்னால் மட்டும் இல்லை, பள்ளி வாசலிலேயே அவிழ்த்துவிடுங்கள்.

வேடமே வேண்டாம், மேடையே வேண்டாம் என்கிறவர்களுக்குத்தான் உண்மையில் அதிக வேலை இருக்கிறது. ஊக்கு, ஊசி நூல், கத்தரிக்கோல், செல்லோ டேப், புருவப் பென்சில், சின்ன டார்ச் எல்லாம் ஒரு டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு ஆண்டு விழா அன்று திரைக்குப் பின்னால் நில்லுங்கள். அரை மணி நேரத்தில் பிளஸ் டூ அண்ணன்கள் உட்பட எல்லோரும் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

மலையில் படிப்பவர்களுக்கு

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். காலைப் பனியில் புல்தரை வழுக்கும், வெயில் ஏறும்வரை பயிற்சியைத் தார் போட்ட இடத்திலோ கூடத்திலோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாலைப் பயிற்சி கடைசிப் பேருந்தைப் பொறுத்தது. எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் பேருந்து என்று முதலிலேயே பி.டி. சாரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவர் உங்களை முதல் சுற்றில் ஆட வைப்பார்.

போட்டிக்குச் சேலம் இறங்க வேண்டிய நாளில் கொண்டை ஊசி வளைவு இருபது. ஒப்பனையோடு பேருந்தில் ஏறாதீர்கள். மூன்றாவது வளைவில் யாராவது வாந்தி எடுப்பார், பத்தாவது வளைவில் மீசை கன்னத்தில் இருக்கும். உடையைத் தனிப் பையில் போட்டுக் கீழே போய்க் கட்டிக்கொள்ளுங்கள். மலைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரை அடிவாரத்திலேயே கழற்றிவிடுங்கள். ஓட்டப் போட்டி என்றால் முடிந்தவரை முந்தின நாளே இறங்கிச் சேலத்தில் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது, அந்த வெயில் ஒரு மணி நேரத்தில் பழகாது. கீழிருந்து மேலே படிக்கப் போகிறவர்களுக்கு இதன் மறுபக்கம்: முதல் சில வாரம் ஓடும்போது மூச்சு வாங்கும். பயப்பட ஒன்றுமில்லை, மெதுவாக ஏற்றுங்கள்.

பெற்றோருக்கு

பத்தாவதிலும் பிளஸ் டூவிலும் டிசம்பரோடு பெரும்பாலான பள்ளிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். "படிப்பு கெடும்" என்று ஜூனிலேயே தடுப்பதற்கு அவசியமில்லை, பள்ளியே பார்த்துக்கொள்ளும். பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், யார் கூட இருப்பார்கள், பெண் பிள்ளைகளோடு வெளியூர்ப் போட்டிக்குப் பெண் ஆசிரியர் வருகிறாரா என்பதைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, நாங்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு எதுவானாலும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். மறைத்தால் மைதானத்தில் முதலுதவி செய்கிறவருக்கு ஒன்றும் புரியாது.

சான்றிதழ்களைப் பற்றிக் கடைசியாக. மேடையில் வாங்கியதும் அங்கேயே படித்துப் பாருங்கள்: பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி, போட்டியின் பெயர், எந்த அளவு, எந்த ஆண்டு. மாற்றுச் சான்றிதழில் உள்ள பெயரும் இதில் உள்ள பெயரும் ஓர் எழுத்து வேறுபட்டாலும் அன்றே திருத்தி வாங்குங்கள், இரண்டு வருடம் கழித்துப் போனால் கையெழுத்திட்டவர் மாற்றலில் போயிருப்பார். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு விண்ணப்பிக்கும்போது அசலைத்தான் கேட்பார்கள். லேமினேட் செய்யாதீர்கள், பின்பக்கம் முத்திரை குத்தவோ கையெழுத்துப் போடவோ முடியாமல் போகும். பிளாஸ்டிக் உறை வைத்த கோப்பு ஒன்று வாங்கி ஆண்டு வாரியாகச் செருகுங்கள், கைப்பேசியில் ஸ்கேன் எடுத்து அம்மா, அப்பா இருவர் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவையுங்கள்.